பிளாஸ்டர் இறுகுவதற்குள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் டெக்னீஷியன். ஆங் மோ கியோ அடுக்குமாடிப் பேட்டையில் இருந்த வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். எங்கள் எக்ஸ்ரே கருவியில், பொருளில் பட்டுச் சிதறும் கதிர்களை எண்ணும் டிடெக்டர் வளைந்த தடத்தில் மெல்ல ஊர்ந்து போகும். ஒரு படம் முடிய நாற்பது நிமிடம்.

தண்ணீர் கலந்த பிளாஸ்டர் இறுகும்போது உள்ளே என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்று வேதியியல் விரிவுரையாளர் ஒருவர் வந்தார். பிளாஸ்டரோ இருபது நிமிடத்தில் கல்லாகிவிடும்.

"இறுகினப்புறம் பார்த்துக்கலாம்," என்றார் எங்கள் துறைத் தலைவர்.

"செத்தவனுக்கு நாடி பிடிக்கிற மாதிரி இருக்கு சார்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நகராத டிடெக்டரைப் பற்றி வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் படித்திருந்தேன். வாயு நிரப்பிய நீளப் பெட்டி. நடுவில் தலைமுடியைவிட மெல்லிய கம்பி. கம்பியின் இரு முனைகளுக்கும் வரும் மின்துடிப்பை ஒப்பிட்டால் கதிர் விழுந்த இடம் தெரிந்துவிடும். எல்லாக் கோணங்களும் ஒரே நேரத்தில் பதிவாகும். அதை நானே செய்கிறேன் என்றேன்.

"அதெல்லாம் பிஎச்டி முடிச்சவங்க வேலை லா. நீ ரிப்பேர் பாரும்மா," என்றார் தலைவர்.

ரிப்பேரும் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் பெட்டியும் செய்தேன். சிராங்கூன் ரோட்டு நகைப் பட்டறை ஒன்றில் கேட்டு வாங்கிய இடுக்கியால் கம்பியை இழுத்துக் கட்டினேன். மூன்று அறுந்தன. நான்காவதில் தூசி ஒட்டிப் பொறி பறந்தது. ஐந்தாவது நின்றது.

ஒருநாள் காலை தலைவரையும் கூப்பிட்டோம். விரிவுரையாளர் பிளாஸ்டரைக் குழைத்து வைத்தார். திரையில் நிமிடத்துக்கு ஒரு படம் வந்தது. வரைகோட்டில் பிளாஸ்டரின் முகடுகள் தாழத் தாழ, பக்கத்தில் இறுகிய பொருளின் புதிய முகடுகள் எழுந்தன. விரிவுரையாளர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தலைவர் கடைசிவரை நின்று பார்த்தார்.

பிறகு கட்டுரை தட்டச்சாகி வந்தது. மேலே தலைவர், விரிவுரையாளர் இருவர் பெயர் மட்டும். நேரே தலைவர் அறைக்குப் போனேன்.

"டெக்னீஷியனுக்குக் கடைசியில நன்றி சொல்லிருக்கோமே."

"நன்றி வேணாம் சார். செஞ்சது நான். பேரை மேல போடுங்க. இல்லேன்னா என் பெட்டியில எடுத்த படத்தையெல்லாம் எடுத்துருங்க."

பின்னாலேயே வந்திருந்த விரிவுரையாளர் சொன்னார்: "அவங்க பேர் இல்லேன்னா என் பேரும் வேணாம்."

தலைவர் ஒரு வாரம் பிடிவாதம் பிடித்தார். மூன்றாவது பெயராக என்னுடையது அச்சானது. அதற்குப் பிறகு வேலை தவிர வேறெதுவும் அவர் என்னிடம் பேசியதில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. அடுத்த டிடெக்டருக்கு நான் அனுமதி கேட்கவில்லை; கம்பி வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.