பக்கத்து நிரைக்காரி

நேசராணி நீச்சலுக்குப் போன கதையைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மலைகளில் ஏறி இறங்கிக் கொழுந்தெடுத்ததில், நாற்பத்தைந்தாவது வயதில் அவளுடைய முழங்கால்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "தண்ணிக்குள்ள நடங்கம்மா, நல்லாயிரும்" என்றார். எந்தத் தண்ணிக்குள் நடப்பது? தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில், பீலித் தண்ணி விழுகிற இடத்தில் நின்றால் கணுக்கால்கூட முழுசாக நனையாது. கடைசியில் டவுனில் இருக்கிற நீச்சல் தடாகத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெண்களுக்கு மட்டும் விடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, வெட்கத்தைப் பிடுங்கி வீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

நடக்கத்தான் போனாள், சத்தியமாக. சுவரைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்துகொண்டிருந்தவளை அங்கே பழக்குகிற சஜீவனி டீச்சர் விட்டால்தானே! டவுன் பள்ளிக்கூடமொன்றில் விளையாட்டு டீச்சர் அவர். "நேசராணி, ஒரு தரம் கால தூக்கிப் பாருங்க" என்றார். தூக்கினாள். அன்றைக்குக் குடித்த தண்ணீரில் ஒரு வாரத்துக்குத் தேத்தண்ணி போட்டிருக்கலாம். ஆனாலும் அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். முழங்கால் வலி எப்போது போனது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அந்தக் கூட்டத்தில் ஏழெட்டுப் பெண்கள். டவுனில் சட்டை தைக்கிற லரீபா, பார்மசியில் நிற்கிற துஷாந்தினி, இப்படி ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு வயது. தண்ணீரை விட்டு ஏறியதும் எல்லோரும் சுவரோரமாக வரிசையில் நிற்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர் வைத்தவள் நேசராணிதான். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் பெரட்டு. அன்றைய ஏச்சும் பேச்சும் அங்கேதான் ஆரம்பிக்கும். இவர்களுடைய பெரட்டில் ஏச்சு கிடையாது. ஒவ்வொருத்தியும் அன்றைக்குத் தான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கை தட்ட வேண்டும். "இன்னைக்கு மூக்குல தண்ணி ஏறல்ல" என்று லரீபா சொன்னாலும் தட்டல்தான். "புருசன்கிட்ட பொய் சொல்லாம வந்தேன்" என்று துஷாந்தினி சொன்னபோது தட்டிய தட்டலில் காவலாளி ஓடி வந்து பார்த்தான்.

எல்லாம் சரிதான், போன வருடம் அந்தப் போட்டி மட்டும் வராமல் இருந்திருந்தால். ஊவா மாகாணத்தில் நாற்பது தாண்டிய பெண்களுக்கு ஒரு நீச்சல் போட்டி. தடாகத்தை ஒருமுறை போய் ஒருமுறை வர வேண்டும். நேசராணி பேர் கொடுத்தாள், குதித்தாள், அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பினாள், பாதியில் மூச்சு முட்டி, ஆளுக்கொன்றாக நீந்த விட்ட ஓடைகளைப் பிரிக்கிற கயிற்றைப் பிடித்துவிட்டாள். கயிற்றைப் பிடித்து இழுத்தால் போட்டி முடிந்தது. வெளியே ஏறு என்று விசில் ஊதிவிட்டார்கள். மானம் கப்பலேறியது. அவள் போய்ச் சேருமுன்னே கதை லயத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பேர் கயித்துராணி. கொழுந்து நிறுக்கிற இடத்தில், கடையில், கோயில் வாசலில்கூட, "என்ன கயித்துராணி, சுகமா?" சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். உள்ளுக்குள் எரியும். புருசன் மத்தேயு தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறவன், அவன்கூட ஒரு நாள் கொடியில் துணி காயப்போடும்போது, "பாத்து, கயித்தப் புடிச்சிட்டு நின்னுறாத" என்றான். அன்றைக்கு அவனுக்கு ராச்சாப்பாட்டில் உப்பில்லை.

இந்த வருடம் அவளுக்கு வேண்டியது மெடலும் இல்லை, மண்ணும் இல்லை. கயிற்றைப் பிடிக்காமல் போய்த் திரும்ப வேண்டும். இன்ன நேரத்தில் முடித்தாள் என்று தன் பேரை ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக வருடம் முழுக்க மழையென்றும் பார்க்காமல் பஸ் ஏறினாள். பெரட்டில் ஒவ்வொரு வாரமும் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "இன்னைக்கும் கயித்தப் புடிக்கல்ல." ஒவ்வொரு வாரமும் அவர்கள் புதுசாகக் கேட்டதுபோலக் கை தட்டினார்கள். நல்ல மனுசிகள்!

போட்டியன்று மத்தேயுவும் வந்தான். "நீங்க எதுக்கு?" என்று கேட்டாள்.

"சும்மாதான். வீட்ல தனியா என்னத்த செய்ய?" என்றான். ஆனால் சலவைச் சட்டை போட்டிருந்தான். பெரிய பெருநாளுக்கு மட்டும் போடுகிற சட்டை அது.

நேசராணிக்குப் பக்கத்து ஓடையில் நின்றவள் மொனராகலையிலிருந்து வந்த ஜிப்னா. அவளுக்கு இதுதான் முதல் போட்டி. தலை முதல் கால் வரை மூடிய நீச்சலுடையில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். "பயமா இருக்கு அக்கா" என்றாள்.

"எனக்கும்தான். குதிச்சிட்டா சரியாப் போயிரும்" என்றாள் நேசராணி.

விசில் ஊதியது. குதித்தார்கள். அடேயப்பா, என்ன ஒரு போக்கு! நேசராணி அன்றைக்கு நீந்தியதைப் பார்த்திருக்க வேண்டும். கை வீச்சு ஒன்றுபோல விழுந்தது, மூச்சு தடக்கவில்லை. அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பும்போது அவளுக்கு முன்னால் ஒருத்திதான் இருந்தாள். கரையில் சஜீவனி டீச்சர் துள்ளினார். "அப்படியேதான் நேசக்கா! விடாதீங்க!" என்று லரீபா தொண்டை கிழியக் கத்தினாள். மத்தேயு எழுந்து நின்றுவிட்டான். போன வருடம் நின்ற இடம் வந்தது. போயே போய்விட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அப்போது மூச்செடுக்கத் தலையைத் திருப்பியவள், அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பிச் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்த ஜிப்னாவைப் பார்த்தாள். ஜிப்னா அந்த இடத்திலேயே நின்று தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் பிதுங்கியிருந்தன. கை கயிற்றைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

"கயித்தப் புடிக்காதீங்க!" என்று நேசராணி கத்தினாள். கத்தியது மட்டுமா? கயிற்றுக்கு அடியில் முங்கி, பக்கத்து ஓடையில் ஜிப்னாவுக்குக் கிட்டப் போய் எழும்பினாள்.

கொழுந்து மலையில் ஆளுக்கொரு நிரை. தேயிலைச் செடிகளுக்கு இடையில் அவரவர் நிரையில் அவரவர் எடுத்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். பக்கத்து நிரைக்காரி பின்தங்கிவிட்டால், முன்னால் போனவள் இறங்கி வந்து அவள் நிரையில் கை கொடுத்து, இருவருமாகத்தான் மேலே போவார்கள். அதற்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, நன்றி சொல்வதுமில்லை. பதினெட்டு வயதிலிருந்து நேசராணியின் கால் அப்படிப் பழகிவிட்டது. போட்டியாவது, ஓடையாவது! அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

"மல்லாந்து படுங்க. வானத்தப் பாருங்க. மூச்ச மெதுவா விடுங்க. ஆங், அப்படித்தான். இப்ப கால மட்டும் அடிங்க. நான் பக்கத்துலதான் வாறேன்."

ஜிப்னா மல்லாந்தாள். காலை அடித்தாள். நேசராணி ஒரு விரலும் படாமல், பேசிக்கொண்டே பக்கத்தில் நீந்தினாள். மற்ற எல்லோரும் ஏறித் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு பேரும் ஒன்றாகச் சுவரைத் தொட்டார்கள். கரையில் இருந்த சனமெல்லாம் எழுந்து கை தட்டியது.

கை தட்டல் அடங்க ஒலிபெருக்கி பேசியது. ஓடை மாறி நீந்தியதால் நேசராணி போட்டியிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறார். ஜிப்னாவை யாரும் தொடாதபடியால் அவருடைய நேரம் செல்லுபடியாகும்.

சஜீவனி டீச்சர் தலையில் கை வைத்தார். "ஐயோ நேசராணி! ஓடை மாறக்கூடாதுன்னு எத்தன தரம் சொல்லிக் குடுத்தேன்!"

"தெரியும் டீச்சர்" என்றாள் நேசராணி. அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். நீக்கியது நியாயம்தான், அவளுக்கு யார்மேலும் கோபமில்லை. ஆனாலும் ஒரு வருட ஆசை, இரண்டு கை வீச்சில் போய்விட்டதே! "இந்த வருசமும் நான் முடிக்கல்ல. லயத்துல என்னன்னு சொல்லுவேன்?" என்று விம்மினாள். லரீபா அவள் முதுகைத் தடவினாள். மத்தேயு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கேலிதான் செய்யப் போகிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள். "நான் பாத்தேன். நீ முடிச்ச" என்றான்.

"நீங்க சொன்னா ஆச்சா? என் பேருக்கு நேரமே இல்லியே" என்றாள் அவள்.

அப்போது ஜிப்னா வந்தாள். கையில் புதுச் சான்றிதழ், அதை நனைக்காமல் தூக்கிப் பிடித்திருந்தாள். அழுகிற நேசராணியைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏன் அக்கா அழுறீங்க?"

"நேரம் குடுக்கல்லன்னு அழுறாங்க" என்றாள் துஷாந்தினி.

ஜிப்னா விழித்தாள். "அதுக்கா? நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே தொட்டோம். அப்ப என்ட நேரம்தானே உங்கட நேரமும்?" என்றாள்.

நேசராணி துவாயை முகத்திலிருந்து எடுத்தாள். இது அவளுக்குத் தோன்றவே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எவ்வளவு?" என்று கேட்டாள்.

ஜிப்னா சான்றிதழைப் பார்த்து வாசித்தாள். "ரெண்டு நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட."

"அவ்வளவு நேரமா!" என்று மத்தேயுவுக்கு வாய் தவறி வந்துவிட்டது. நேசராணி ஈரத் துவாயால் அவனுக்கு ஒன்று போட்டாள். சலவைச் சட்டை நனைந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் அவளுக்கு விக்கல் எடுத்தது. லரீபா கை தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள், என்ன ஏதென்று தெரியாத ஜிப்னாவும் சேர்ந்து தட்டினாள்.

"ரெண்டு நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட" என்று நேசராணி லரீபாவிடம் சொன்னாள். வாசலில் நின்ற காவலாளியிடம் சொன்னாள். ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டியபோது அவனிடமும் சொன்னாள்.