இனிக்காத மாம்பழ ஜூஸ்

பிள்ளைகளே, அன்றைக்குக் காருக்குள் உங்களைப் பார்த்துக் கத்தினதற்கு நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுகிறேன். அதனால் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் அம்மாவிடம் கேட்டுத் திருத்தி வாசியுங்கள்.

எனக்குச் சலரோகம் என்று தெரிந்து நாலு வருடம் ஆகிறது. காலைச் சாப்பாட்டோடு ஒரு குளிசை போடுகிறேன். அது இரத்தத்தில் உள்ள சீனியை இறக்கும். உடம்பு நிறையைக் குறைக்கும்படி டொக்டர் சொன்னார். நான் முதலில் சோற்றை விட்டேன், பிறகு புட்டை விட்டேன், கடைசியில் பாணையும் விட்டேன். ஆறு கிழமையில் பெல்ற்றில் இரண்டு ஓட்டை உள்ளே போனது. வேலையில் பெடியன்கள், "என்ன அண்ணை, திரும்பக் கலியாணம் கட்டப் போறியளோ?" என்று கேட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டைக் குறைத்தால் குளிசையையும் குறைக்க வேண்டுமா என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. குளிசையை விடாமல் போடுகிறவன்தான் நல்ல நோயாளி என்று நினைத்துக்கொண்டேன்.

இனிப்பு ஆசை மட்டும் போகவில்லை. அதற்கும் வேலையில் ஒரு அண்ணை வழி சொன்னார்.

"சிறுகுறிஞ்சாத் தூள் கடையில விக்குது. ஒரு கரண்டி நாக்கில போட்டுப் பார். பிறகு லட்டைத் தின்றாலும் மண்ணைத் தின்ற மாதிரித்தான் இருக்கும்."

வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒரு மணித்தியாலத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது.

அந்தச் சனிக்கிழமை நான் காலையில் சாப்பிட்டது ஒரு முட்டையும் பாதி வெள்ளரிக்காயும். குளிசையை முழுதாகப் போட்டேன். மத்தியானம் தமிழ் வகுப்பு முடிந்து உங்களை ஏற்றிக்கொண்டு வோபர்ன் பகுதியில் நாங்கள் வழக்கமாகப் போகும் தமிழ்க் கடைக்கு வந்தேன். அங்கே அந்த நேரத்தில் சீனிப் பணிஸ் சுடுவார்கள், மணம் கார் வரைக்கும் வரும். உள்ளே போனால் வாங்கிவிடுவேன் என்று பயந்து, தூளை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு காரிலேயே இருந்தேன். பன்னிரண்டு வயது மூத்தவள், ஆறு வயதுச் சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் போனாள்.

நீங்கள் போன பிறகுதான் தொடங்கியது. முதலில் வாய்ச் சொண்டு விறைத்தது. பிறகு விரல்கள் தாங்களாகவே ஆடின. வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது, எனக்குச் சேட்டு முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்வை. நெஞ்சு படபடவென்று அடித்தது. கடைப் பெயர்ப் பலகையில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. மாரடைப்பு, இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் சாகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அந்தப் பயத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

நீங்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தீர்கள்.

"அப்பா, வை ஆர் யூ ஷேக்கிங்? உங்கட முகமெல்லாம் தண்ணி!"

மூத்தவளுக்கு விளங்கிவிட்டது. என் சீனி குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். கடையில் வாங்கிய பையில் இருந்த மாம்பழ ஜூஸைத் திறந்து என் வாயில் வைத்தாள். நான் ஒரு மிடறு குடித்தேன். வெறும் தண்ணீர். கெட்டியான, இனிப்பில்லாத தண்ணீர்.

"உதில சீனி இல்லை."

"இருக்கு அப்பா. குடியுங்கோ."

"பொய் சொல்லாதை! டயட் ஜூஸை வாங்கிக்கொண்டு வந்து என்னை ஏமாத்திறியோ?"

அவள் தானும் ஒரு வாய் குடித்தாள். தங்கச்சிக்கும் கொடுத்தாள். "இனிக்குது அப்பா, சரியா இனிக்குது," என்று சின்னவள் அழுதுகொண்டே சொன்னாள். நான் நம்பவில்லை. நீங்கள் இரண்டு பேரும் முன்பே பேசிவைத்து என்னைச் சாகவிடப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். ஓம், என் பிள்ளைகளைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன். ஜூஸைத் தட்டிவிட்டேன். அது சின்னவளின் வெள்ளை ஜாக்கெட்டில் கொட்டியது.

தூள் போட்டால் இனிப்புத் தெரியாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? அதற்காகத்தானே போட்டேன்! ஆனால் சீனி இறங்கினால் புத்தியும் தடுமாறும்; அந்த நேரம் அது தலைக்குள் இல்லை. ஒரே ஒரு நினைப்புத்தான் இருந்தது: அஜக்ஸில் எங்கள் வீட்டு அலுமாரியில் உண்மையான சீனி இருக்கிறது, 401 நெடுஞ்சாலையில் ஏறினால் இருபது நிமிடம்.

"ஏறுங்கோ ரெண்டு பேரும். வீட்டை போவம்," என்று கார்த் திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் உறுமியது.

மூத்தவள் குறுக்கே எட்டி எஞ்சினை நிற்பாட்டித் திறப்பை இழுத்து எடுத்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்து முறுக்கினேன். அவள் உதறிக்கொண்டு, தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

கடைக்கார அக்கா செருப்போடு பனிக்குள் ஓடிவந்தார். கையில் ஒரு கப் தேத்தண்ணி.

"தம்பி, இதைக் குடியும்."

"இதிலயும் சீனி இல்லை அக்கா. ஒருத்தரும் எனக்குச் சீனி தாறியள் இல்லை."

"நாலு கரண்டி போட்டு நானே கலக்கினனான்!" என்றவர், கியர் பக்கத்தில் இருந்த போத்தலைக் கண்டார். "எட, உது நான் வித்த தூளெல்லே? உதை இப்பவே போட்டனீர்? நாக்கை நீரே பூட்டிப்போட்டு, சீனி இல்லையெண்டு பிள்ளையளோட சண்டை பிடிக்கிறீர். வாயைத் திறவும். உமக்கு ருசி வேண்டாம், சீனி உள்ளுக்குப் போனால் போதும்."

அவர் சொன்னது எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. ஆனால் அவருக்குப் பின்னால் சின்னவள் ஜாக்கெட்டில் மஞ்சள் கறையோடு விக்கி விக்கி அழுதுகொண்டு நின்றாள். அதைப் பார்த்துத்தான் குடித்தேன். சுடுதண்ணீர் போலத்தான் இருந்தது. மூத்தவள் காரில் இருந்த சீனி பார்க்கும் மீட்டரை எடுத்து, என் விரலில் குத்தி அதில் வைத்தாள். 2.8. நாலுக்குக் கீழே போகவே கூடாது. இன்னும் குறைந்திருந்தால் மயங்கியிருப்பேன். கால் மணித்தியாலம் பொறுத்துத் திரும்பக் குத்தினாள், 3.9. அக்கா இன்னொரு கப் தந்தார். அடுத்த முறை 5.4. அதற்குள் என் தலை தெளிந்துவிட்டது. தெளிந்த பிறகுதான் உண்மையான பயம் வந்தது. மூத்தவளின் மணிக்கட்டில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அம்மா வேலையிலிருந்து வந்து ஏற்றும்வரை கடைக்குள்ளேயே இருந்தோம். அப்போது மூத்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, நான் திறப்பை எடுக்காட்டி 401-ல ஏறியிருப்பீங்களா? எங்களோட?"

இல்லை என்ற சொல் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"ஓம் பிள்ளை. ஏறியிருப்பன்."

அவள் தங்கச்சியைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுதும் என் பக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை டொக்டர் குளிசையைப் பாதியாக்கினார். என் சாப்பாட்டு விவரத்தைக் கேட்டுவிட்டு, "இதை ஏன் முதலே சொல்லவில்லை?" என்றார். நல்ல பெயர் எடுக்க நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது? தூளைக் குப்பையில் போட்டுவிட்டேன். இப்போது மத்தியானத்தில் ஒரு பிடி சோறு சாப்பிடுகிறேன். நிறை குறைவது மெதுவாகிவிட்டது. இரண்டு மாதமாகச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கவில்லை. ஆனாலும் கை கொஞ்சம் குளிர்ந்தால்கூட உடனே விரலில் குத்திப் பார்க்கிறேன்.

திரும்பவும் வரலாம். அதுதான் இதை எழுதுகிறேன். அப்படி வந்தால் நான் தெளிவாகப் பேசுவேன், எனக்கு ஒன்றும் இல்லை என்பேன், உங்களைப் பொய்யர் என்பேன். அதைக் கேட்காதீர்கள். திறப்பை எடுத்துக்கொண்டு தூரப் போங்கள், பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள், ஒருவரும் இல்லாவிட்டால் 911-க்கு அடியுங்கள். நான் என்ன கத்தினாலும் திறப்பைத் திருப்பித் தராதீர்கள்.