குடிலுக்குள் ஒரு கரடு

பஞ்சைப் பனி என்று ஒப்புக்கொள்ளும் பெரியவர்கள், மணலை மலை என்று ஒப்புக்கொள்ள மறுத்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

சிங்கப்பூரில் தமிழ்த் திருப்பலிக்கு வரும் குடும்பங்களுக்குள் அப்போது ஒரு குடில் போட்டி நடக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்களில் ஒரு குழு வீடு வீடாக வந்து, இயேசு பாலன் பிறந்த குடிலை அவரவர் எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பரிசு அறிவிக்கும். ஆண்டு தவறாமல் முதற்பரிசு உட்லண்ட்ஸில் இருந்த என் பெரிய மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்குத்தான். அவருடைய பெத்லகேமில் ஒட்டகத்தைவிடப் பெரிய வாத்துகள் கண்ணாடிக் குளத்தில் நீந்தின. பேரீச்ச மரங்களின்மேல் பஞ்சுப் பனி படர்ந்திருந்தது. அருவி ஒன்று மின்விசையால் ஓயாமல் விழுந்தது. இவற்றைக் குறித்து எவரும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் குடில் என்பது அம்மாவின் வேலை. அப்பா கட்டுமானத் தளம் ஒன்றில் மேற்பார்வையாளர். சன்னலில் காகித நட்சத்திரத்தைத் தொங்கவிட்டதும் தம் கடமை முடிந்தது என்று அமர்ந்துவிடுவார். எனக்கு ஒன்பது வயதான ஆண்டில் மட்டும் அது மாறியது. இடையர்கள் நின்ற மலை எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்டதே காரணம். அப்பா, வெயில் காய்கிற ஊர் என்றால் எங்கள் கரட்டைப் போலத்தான் இருந்திருக்கும் என்றார்.

திண்டுக்கல்லுக்கு அப்பால் அவர் பிறந்த ஊரில் மொட்டைக் குன்றைக் கரடு என்பார்கள். செங்குத்தான கருங்கல் குன்று. பாறை உதிர்ந்து உதிர்ந்து உண்டான மணல்தான் அதன் மண். பள்ளி விட்டதும் அங்கேதான் அவர் செம்மறிகளை மேய்த்தாராம்.

மணல் வேண்டும் என்றதும், மலாய்ப் பெயரிலேயே மணல் இருக்கும் பாசிர் ரிஸ்ஸில் குடியிருந்துகொண்டு மணலுக்கா பஞ்சம் என்று அம்மா கடற்கரைப் பக்கம் கை காட்டினார். அப்பா ஒப்பவில்லை. கடல் உருட்டி உருண்டையாக்கிய மணல் சரிவில் நிற்காதாம். பணித்தளத்தில் சொல்லிக் கேட்டு, மீந்துபோன கருங்கல் தூளை ஒரு பையில் கொண்டுவந்தார். அம்மாவின் மாவுச் சல்லடையில் அதைச் சலித்துப் பருக்கையைத் தனியாகவும் பொடியைத் தனியாகவும் பிரித்தார். அந்தச் சல்லடைக்காக வீட்டில் நடந்த வழக்கை இங்கே விரிக்க வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் வெங்காயச் சாக்குகளைக் கேட்டு வாங்கி, அட்டைப்பெட்டிகளின்மேல் போர்த்தினோம். அதன்மேல் அப்பா மணலைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினார். தூவியது சரியும், பின் நிற்கும், மறுபடி சரியும். இனிச் சரியாது என்ற இடத்தில் கையை எடுத்துக்கொள்வார். உச்சியில் பாறைத் துண்டுகள். நீர் அரித்த தடம் போல் நடுவே ஒரு வாய்க்கால். அங்கங்கே துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குத் துணுக்குகள், காய்ந்த ஊசிப்புல்லுக்காக. செம்மறிகளைச் சரிவில் தள்ளித் தள்ளி நிறுத்தினார். இரண்டு ஆடுகளை நான் அருகருகே வைத்தபோது, அங்கே ஒரே இடத்தில் இரண்டுக்குத் தீனி கிடைக்காது என்று பிரித்து வைத்தார்.

நான் அதன்முன் மண்டியிட்டுப் பார்த்தேன். கண்ணை இடுக்கினால் உண்மையான மலை. என் தந்தையின் மலை. சிங்கப்பூரில் எவர் வீட்டிலும் இல்லாதது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த பெரிய மாமா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார்.

“என்ன மாப்ள, இது குடிலா, உங்க சைட்டா? சூசையப்பருக்கு ஒரு ஹெல்மெட் மாட்டிவிடுங்க லா.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பனியில் வாத்து விடுகிறவர் பேசுகிற பேச்சா இது? புல் இல்லாத மலைக்கு இடையன் எதற்கு வருவான், குழுவினர் இதைப் பார்த்தால் வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்பார்கள் என்றெல்லாம் மாமா அடுக்கிக்கொண்டே போனார். அப்பா அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

குழு வருவதற்கு முந்தைய நாள் பிற்பகல், அப்பா வேலைக்குப் போயிருந்தபோது, மாமா திரும்ப வந்தார். இரண்டு தட்டுகளில் கேழ்வரகை முளைக்கவிட்டுக் கொண்டுவந்திருந்தார். விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்ற முளைகளை வேரோடு பாய் போலக் கத்தரித்து மலைமேல் பரப்பப் போவதாகச் சொன்னார். அம்மா தயங்கினார். ஆனால் தங்கை குடும்பத்துக்கும் ஒரு பரிசு கிடைக்கட்டும் என்று மெனக்கெட்டு வந்த அண்ணனைத் திருப்பி அனுப்ப அவருக்கு வாய் வரவில்லை. நான் குடிலுக்குமுன் கைகளை விரித்து நின்றேன். அப்பா வந்த பிறகு செய்யலாம் என்றேன். அவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றேன்.

“அப்பாவுக்கு வக்கீலா நீ? தள்ளும்மா” என்று மாமா என்னைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

தூக்கி வைத்தார். ஒரு நாற்காலியை நகர்த்துவதுபோல.

பரப்பி முடித்ததும், முளை வாடிவிடுமே என்று ஒரு சொம்புத் தண்ணீரைச் சரிவெங்கும் ஊற்றினார். மணல் அதைச் சத்தமின்றிக் குடித்தது. இன்னொரு சொம்பு ஊற்றினார். கனம் தாளாமல் மலையின் அடி மெல்லப் பிதுங்கி, ஒரு பக்கம் முழுவதும் இறங்கியது. மூன்று ஞானிகளில் ஒருவர் இடுப்புவரை புதைந்தார். ஓர் ஆடு காணாமலே போயிற்று. மாமா ஈரக்கையை உதறிக்கொண்டு, உங்கள் அப்பா கட்டியதில் உறுதி போதாது என்று என்னிடம் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை. தண்ணீர் ஊற்றியவர் அவர்; குற்றம் மலையுடையது!

அப்பா வரும்வரை வாசற்கதவருகே நின்றேன். காலணியைக் கழற்றுமுன்பே எல்லாவற்றையும் முறையிட்டேன்: தட்டு, கத்தரி, சொம்பு, என்னைத் தூக்கி வைத்தது, இறுதியில் சொன்ன சொல். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா குடிலின்முன் போய்க் குந்தினார். அந்தப் பச்சையைப் பிடுங்கி எறிவார், மாமாவைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

அவர் சரிந்த அடிவாரத்துக்குக் கல் வைத்து அண்டை கொடுத்தார். ஞானியைத் தோண்டியெடுத்தார். பிறகு முளைகளை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். சரளையில் நின்ற செம்மறிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பச்சைக்கு நடுவே, வாய் புல்லில் படும்படி நிறுத்தினார். புதைந்திருந்த ஆட்டைக் கடைசியில் கண்டெடுத்து, சட்டையில் துடைத்து, மற்றவற்றைச் சற்று ஒதுக்கி நடுவில் வைத்தார்.

“அப்பா, இது உங்க கரடு இல்லப்பா.”

“இல்லதான்” என்றார். “இருக்கட்டும் பாப்பா. மேயட்டும்.”

மறுநாள் வந்த குழுவினர் அந்தப் பச்சையைப் புகழ்ந்து, கிறிஸ்துமஸ் திருப்பலியில் இரண்டாம் பரிசு தந்தார்கள். மாமா எல்லாருக்கும் கேட்கும்படி யோசனை தம்முடையது என்றார். அப்பா கைதட்டினார். யாருக்காக நான் கைகளை விரித்து நின்றேனோ அவரே எதிர்த்தரப்புக்குப் போய்விட்டார் என்ற ஆத்திரத்தில், திருப்பலி முடிந்து வீடு திரும்பும்வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் கையையும் பிடிக்கவில்லை.

மழை பொய்த்த ஓர் ஆண்டில் அப்பாவின் கரட்டுச் சரிவிலேயே செம்மறிகள் எழ மாட்டாமல் விழுந்ததையும், விழுந்தவற்றை ஒரு சிறுவன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியதையும் அம்மா எனக்குச் சொன்னது பல ஆண்டுகள் கழித்துத்தான். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு மலையைப் பருக்கை பிசகாமல் நினைவில் வைத்திருப்பவர் அதை நேசித்துத்தான் இருக்க வேண்டும் என்பது மட்டுமே.