புழுக்கொட்டகை வாசல்

பழக்கடையில் ஈரச்சாக்கை உதறினார்கள். அந்த வாசம் வலங்கைமான் பக்கத்து எங்கள் புழுக்கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோனது.

நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையாரின் வயலில் ஒரு துண்டு எங்களுக்கு வந்திருந்தது. அதில் மல்பெரி வைத்து அம்மா பட்டுப்புழு வளர்த்தாள். புழுவுக்குச் சூடும் ஆகாது, புகையும் ஆகாது, வெளியாள் கால் அழுக்கும் ஆகாது. சித்திரை வெயிலில், கொட்டகையைச் சுற்றிக் கட்டிய சாக்குகளை ஓயாமல் நனைப்பாள்.

ஒருநாள் பண்ணையார் சுருட்டும் கையுமாக வந்தார். அம்மா போய் நின்றால், தீட்டு என்று அந்த இடத்தில் தண்ணீர் தெளிக்கிற வீடு அவருடையது. அம்மா வாசலை மறித்தாள்.

"சுருட்ட அணைச்சிட்டு, கால கழுவிட்டு வாங்க."

"யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"புழுவுக்கு ஆளு தெரியாதுங்க. புகைன்னா செத்துரும்."

அவர் சுருட்டை அணைக்கவில்லை. அம்மாவும் நகரவில்லை. கடைசியில் அவர்தான் திரும்பிப் போனார்.

அவர் நின்ற இடத்தில் அம்மா சுண்ணாம்புத் தூளை அள்ளித் தூவினாள்.