பதினோரு வீட்டுத் தண்ணீர்

என் மனைவிக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி. காப்பி இரண்டு வேளை, வேளைக்கு நூறு. மாத்திரை விழுங்கக் காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது. ரசமோ மோரோ, இரண்டில் ஒன்று, நூறு. மிச்சம் நானூறு. அதை நான்காகப் பிரித்து நான்தான் ஊற்றித் தருகிறேன். வானிலை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம், காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, விழுந்த மழையைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து அளவு எழுதியவன் நான். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இப்போதும் அப்படித்தான்.

அவள் உடம்பு தண்ணீரை வெளியே விட மறுக்கிறது. உள்ளேயே தங்கும் தண்ணீரில் ரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போகிறது. உப்பு குறைந்தால் மூளை தடுமாறும், மனசு தடுமாறும், கடைசியில் வலிப்பு வரும். நூற்று முப்பத்தைந்து இருக்க வேண்டும் என்றார் டாக்டர். எதனால் இப்படி ஆனது என்று மூன்று ஸ்கேன் எடுத்தும் தெரியவில்லை. தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

முதல் தடவை அது குறைந்தபோது எனக்குப் புரியவில்லை. எங்கள் இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். புனேக்கு வந்து நாற்பத்தொரு வருடம். வெளியே மராத்தி, வீட்டுக்குள் தமிழ். அன்று காலை அவள் என்னிடம் மராத்தியில் பேசினாள். சமையலறைக் குழாயைச் சரிபண்ண இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நானும் மராத்தியிலேயே, அரை மணி நேரம் ஆகும் என்றேன். பதினொன்றரைக்கு மறுபடி வந்தாள். வேலை முடிந்திருந்தால் கிளம்பச் சொன்னாள். வீட்டுக்காரர் எதையும் எண்ணிக்கொண்டே இருப்பவர், ஸ்பேனர் காணோம் என்றால் உன்னைத்தான் கேட்பார் என்றாள். அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் உப்பு நூற்றுப் பதினாறு.

ஆறு நாள் படுக்கையில் இருந்தாள். நான்காம் நாள் நூற்று இருபத்து நான்கு ஆனபோது தமிழ் திரும்பி வந்தது. "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. தாகம் என்பது சொல்லிப் புரியவைக்கக்கூடிய விஷயம் இல்லை. ஒரு தம்ளர் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்தது எப்போது என்று கேட்பாள். இரண்டரை மணிக்கு என்பேன். இரண்டு பத்துக்கு வந்து நிற்பாள்.

"என்ன பாக்கீங்க? கடிகாரத்தையா என்னையா?"

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"ஒங்க அம்மை செத்தப்பக்கூட நீங்க இப்படித்தான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க."

அது உண்மை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். அவளும் கத்தினாள். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருடத்தில் நாங்கள் கத்திக்கொண்ட தடவைகளை என்னால் விரல்விட்டுச் சொல்ல முடியும். அந்த ஒரு மாதத்தில் பத்தொன்பது. ஒரு தடவை அவள் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கினேன். அதில் தண்ணீர் இல்லை. ஈரமாக இருக்கிறதா என்று உள்ளே விரலைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

எனக்கும் ரத்த அழுத்தம் நூற்று எழுபதுக்கு ஏறியது. அவள் எதிரில் தண்ணீர் குடிக்கக் கூசி, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன். பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடினால் எரிச்சல் வந்தது. எங்கள் குழாயில் வருவது கடக்வாஸ்லா அணைத் தண்ணீர். அணையில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று மழைக்காலத்தில் தினமும் பேப்பரில் பார்ப்பேன். அந்த வருடம் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

புனேக்குப் பக்கத்தில் தளேகாவில் இருக்கும் என் மகள் ஞாயிறுதோறும் வருவாள். ஃபிரிட்ஜ் கதவில் நான் ஒட்டிய அட்டவணையைப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மாக்கு நீங்க ஹஸ்பண்டா, வாட்ச்மேனா?" என்றாள்.

"வாட்ச்மேனுக்கு எட்டு மணி நேரம்தான் டியூட்டி," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு மௌஷியைப் பகலுக்கு வைத்துக்கொள்ளலாமே என்றாள். வேலைக்கு வரும் பெண்ணுக்கு அளவு என்ன தெரியும் என்று மறுத்துவிட்டேன்.

இவ்வளவு செய்தும் உப்பு இறங்கியது. நூற்று இருபத்தேழு, பத்து நாளில் நூற்று இருபத்து நான்கு, அதற்கடுத்து நூற்று இருபத்தொன்று. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், கிழவன் சரியாகக் கவனிக்கவில்லை என்று இருந்தது. நான் குளியலறையிலிருந்த மக்கை எடுத்து ஒளித்தேன். அவள் குளிக்கப் போகும்முன் வாளியில் கோடு போட்டு வைத்தேன். கை கழுவினாலும் பின்னால் போய் நின்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அளவு சரியாகத்தான் இருந்தது. என் வீட்டில் எண்ணூறுக்கு மேல் ஒரு சொட்டு போகவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் கட்டிடத்துக்குள்ளேயே ஒரு சுற்றுப் போய்விட்டு வருவாள். மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, எங்களைத் தவிர எல்லாரும் மராத்திக்காரர்கள். அவளுக்கு எல்லாரையும் தெரியும். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கும் தேவையாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்து தூங்குவேன். போய்வா, போய்வா என்று நான்தான் அனுப்பினேன்.

ஒரு நாள் மகள் போன் செய்தாள், அம்மாவிடம் பேச வேண்டும் என்று. போனை எடுத்துக்கொண்டு படியேறினேன். இரண்டாவது மாடியில் ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த வீட்டுப் பெண், "யா காகு, பஸா," வாருங்கள் சித்தி, உட்காருங்கள் என்று என் மனைவியை உள்ளே உட்காரவைத்தாள். அவள் உட்கார்ந்து முடிப்பதற்குள் தட்டில் ஒரு தம்ளர் வந்துவிட்டது. இந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வருவது அதுதான். கூரியர்காரனுக்கும் கொடுப்பார்கள். நானும் நாற்பத்தொரு வருடம் குடித்திருக்கிறேன். ஆனால் அதை நான் தண்ணீர் என்று நினைத்ததே இல்லை. செருப்பைக் கழற்றுவது மாதிரி, அது வீட்டுக்குள் வருவதில் ஒரு பகுதி.

என் மனைவி மூச்சுவிடாமல் குடித்தாள். நான்கு நிமிஷம் பேசினாள். எழுந்து எதிர்வீட்டு மணியை அடித்தாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். கையில் மகள், "அப்பா, அப்பா," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிஷத்தில் ஐந்து வீடு. தம்ளர் ஒன்று இருநூறு மில்லி என்று வைத்தால் ஒரு லிட்டர்.

கீழே வந்தபோது என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை.

"அவங்களாத்தான் குடுத்தாங்க. நான் கேக்கல."

"வேண்டாம்னு சொல்லலாம்லா?"

"வீட்டுக்கு வந்தவ தண்ணிய வேண்டாம்னு சொன்னா, அவங்க மனசு என்ன பாடுபடும்?"

அது தந்திரமா, மரியாதையா, உப்புக் குறைந்த மூளையின் பேச்சா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை பதினோரு வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, என் மனைவிக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூன்றாவது மாடியில் ரிட்டயரான ரயில்வேக்காரர் ஒருவர், "தண்ணீர் இல்லையென்றால் டீ கொடுக்கலாமா, காகா?" என்று கேட்டார். டீயும் தண்ணீர்தான் என்றேன். "அப்படியானால் வெறும் தட்டை நீட்டுகிறோம்," என்று சிரித்தார். அவர் மனைவி அவரைத் தொடையில் தட்டினாள். இரண்டாவது மாடிப் பெண் அழுதேவிட்டாள். தினமும் நானே என் கையால் கொடுத்தேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இல்லை, உங்கள் மேல் தப்பில்லை என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆறேழு தடவை இருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. தண்ணீர் கொடுக்காமல் ஒருவரை உட்காரவைக்க அவர்களுக்குத் தெரியவில்லை. என் மனைவி போய் மணி அடித்தால் கதவைத் திறந்து, வாசலிலேயே நின்று பேசினார்கள். இப்போதுதான் வெளியே கிளம்புகிறேன் காகு என்றார்கள். ஒன்றரை மணி நேரச் சுற்று முப்பது நிமிஷம் ஆனது. பிறகு பன்னிரண்டு. ஒரு நாள் நான்கு மணிக்கு அவள் எழுந்திருக்கவில்லை.

உப்பு ஏறியது. நூற்று இருபத்தாறு, நூற்று இருபத்தொன்பது, டிசம்பர் கடைசியில் நூற்று முப்பத்திரண்டு. டாக்டர் என் கையைக் குலுக்கினார். இந்த மாதிரி அக்கறையாகப் பார்க்கிறவர்கள் குறைவு என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, தெளிவான கண்ணோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் வரும்போது கேட்டாள், "எல்லா வீட்லயும் சொல்லிட்டீங்களா?"

"ஆமா."

"எத்தன வீடு?"

"பதினொண்ணு."

"ஒரு வீட்டயாச்சும் விட்டிருக்கலாம்."

நான் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"நூத்து இருவதுல இருந்தப்ப இதெல்லாம் எனக்குப் புரியாது. யாரும் உள்ள கூப்பிடலன்னா, வெளிய கெளம்புதாங்க போலுக்குன்னு நெனச்சிருப்பேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுப்பது மாதிரி சொன்னாள். ஒரு சிக்னல் போனதும், "இப்ப நல்லாப் புரியுது," என்றாள்.

அவள் புத்தி கலங்கினால் எனக்குப் பயம். தெளிந்தால் அவளுக்கு அழுகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு எண் இருக்குமா என்று நான் பழைய ரிப்போர்ட்டுகளைப் பரப்பிவைத்துப் பார்த்தேன். பதினேழு தாள். எந்தத் தேதியில் என்ன அளவு, அன்றைக்கு அவள் எப்படி இருந்தாள் என்று எழுதிப் பார்த்தேன். அப்படி ஓர் எண் இல்லை.

ஜனவரியில் சங்கராந்திக்குப் பிறகு இந்த ஊர்ப் பெண்கள் ஒருவரையொருவர் மஞ்சள் குங்குமத்துக்கு அழைப்பார்கள். எங்கள் கட்டிடத்தில் இரண்டாவது மாடிப் பெண் வீட்டில்தான் பெரிதாக நடக்கும். என் மனைவி ஒரு வருடமும் தவறியதில்லை. இந்தத் தடவை யாரும் வந்து கூப்பிடவில்லை. ஆனாலும் மூன்று மணிக்குப் பச்சைப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படியில் கொலுசும் பேச்சுமாக ஏறிப்போனார்கள். பதினான்கு பேர் என்று எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் எங்கள் கதவருகில் பேச்சு கொஞ்சம் தணிந்து, தாண்டியதும் மறுபடி எழுந்தது.

ஐந்தேகாலுக்கு மணி அடித்தது. அந்தப் பெண்தான். கையில் தட்டு, அதில் எள்ளுருண்டை, வந்தவர்களுக்குப் பரிசாகத் தரும் ஒரு பிளாஸ்டிக் டப்பா, குங்குமச் சிமிழ். வாசலில் நின்றபடியே என் மனைவியின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். மேலே கூட்டம், அதனால்தான் நானே வந்தேன் காகு என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"யா, பஸா," என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் தயங்கி, உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். என் மனைவி சமையலறைக்குப் போய்த் தட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள், தம்ளர் நிறைய, தளும்பாமல். அந்தப் பெண் தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் தரையைப் பார்த்தாள்.

"நகோ காகு," என்றாள். வேண்டாம். இப்போதுதான் குடித்தேன் என்றாள். தாகத்தோடு இருக்கிறவள் கையிலிருந்து அதை வாங்கிக் குடிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

என் மனைவி தட்டை நீட்டியபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அந்தப் பெண் எழுந்து, இரண்டு கையாலும் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள்.

தம்ளரோடு அவள் சமையலறைக்குத் திரும்பினாள். நான் பின்னாலேயே போனேன். அவள் அதைத் தொட்டியில் கவிழ்த்தாள். முழுவதையும் கவிழ்க்கிறாளா என்று நான் எட்டிப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். காலித் தம்ளரை என் பக்கம் சாய்த்து, அடி தெரியும்படி காட்டினாள்.