சேர்ந்த தேதி

எங்கள் சட்டைக் கம்பெனியில் யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார்கள் என்பது நாங்கள் தேதியக்கா என்று கூப்பிடும் ஆபீஸ் அக்காவின் எக்செல் ஷீட்டில் இருக்கும். சேர்ந்த தேதி ஒரு கட்டத்தில், இன்றைய தேதி பக்கத்தில். மூன்றாவதில் வருஷம், மாதம், நாள் என்று சர்வீஸ் தானாக வந்து விழும். பத்து வருஷம் முழுசாக முடிந்தால்தான் நிரந்தரம். ஒரு நாள் குறைந்தாலும் ஒன்பதுதான்.

அக்காவுக்கே அந்தப் பத்து வருகிற வெள்ளிக்கிழமை முடிய இருந்தது. நிரந்தரமானால் வீட்டுக்காரரின் முதுகு ஆபரேஷனைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூமுக்கே போகிறார்.

திங்கட்கிழமை காலை ஷீட்டைத் திறந்தவள், "ஐயோ, இங்க பாருடி!" என்று பக்கத்து மேஜையிலிருந்த என்னைக் கூப்பிட்டாள். அவள் பெயருக்கு நேரே பூஜ்யம் வருஷம், பூஜ்யம் மாதம், மூன்று நாள்.

"இப்பதான் பொறந்தியாக்கா?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும், அடிக்கடி நடப்பதுதான் என்று ஃபார்முலாவைத் தட்டிப் பார்த்தாள். ஃபார்முலா சரி. சேர்ந்த தேதிதான் வேறு. போன வெள்ளிக்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்தாளாம்! பத்தை நெருங்கிய இன்னும் எட்டுப் பேருக்கும் அதே தேதி.

ஷீட்டின் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அக்கா, இன்னொருவன் மேனேஜர். பயிற்சிக்கு வந்த காலத்தில் அவனுக்குத் தேதி அடிக்கக்கூடத் தெரியாது. அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். நாங்கள் சார் என்போம், அவள் தம்பி என்பாள்.

கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"தம்பி, ஷீட்ல யாரோ கை வச்சிருக்காங்க."

"நான்தான்க்கா. கம்பெனி பேரு மாறுது. அதனால புதுசா சேர்ந்த மாதிரி..." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உனக்கும் மாத்திட்டியா?"

"நான் மேனேஜரானப்பவே பர்மனென்ட் ஆயிட்டேன்க்கா."

பாவி! கூச்சநாச்சமே இல்லாமல் சொல்கிறான். எனக்குக் கை பரபரத்தது. அக்கா கத்தவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதலாளி பண்ணியிருந்தா சண்டை போட்டிருப்பேன். நீயாடா? போன வாரம் வீட்டுக்கு வந்து டீ குடிச்சியே. மாமா எந்திரிக்கவே முடியாம கெடந்ததப் பாத்தியேடா."

"மேலேர்ந்து சொன்னதுக்கா. நான் என்ன பண்ண?"

அந்த எட்டுப் பேரிடமாவது தானே சொல்லிவிட வேண்டும் என்று அக்கா தையல் பிரிவுக்கு ஓடினாள், நானும் கூடவே ஓடினேன். "உங்க தேதிய மாத்திட்டாங்க, என்னோடதையும்தான்" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கட்டிங் மாஸ்டர் மட்டும் கத்தரியைக் கீழே வைத்தார். "காலையில கேட்லயே சார் சொல்லிட்டாரும்மா. நீங்கதான் எல்லாத்தையும் சரிபார்த்துக் குடுத்தீங்களாமே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அதுவரை அக்கா அடக்கிவைத்திருந்த அழுகை அங்கேதான் உடைந்தது. "சத்தியமா அவங்க இல்ல" என்று நான் கத்தினேன். ஒருவரும் மெஷினை நிறுத்தவில்லை.