முகத்துக்கு ஒரு பனியன்: வேலம்பாளையத்திலிருந்து பதினெட்டு கிலோமீட்டர்

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்தப் பதிவில் வரும் எதையும் நீங்கள் நம்பப் போவதில்லை. நம்பாதவர்கள் பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டலாம். ஆனால் கத்திரி வெயிலில் சைக்கிளை எடுக்கும் எண்ணம் உள்ளவர்கள் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டவும். உங்கள் மூக்கு பிழைக்கும்.

2007 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் தங்கை சரோஜாவின் மகள் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். அவர்கள் கிராமம் அவிநாசிக்கு வடக்கே எட்டு கிலோமீட்டர். பதினொன்றரைக்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். பெண் வீட்டுத் தட்டைத் தாய்மாமன் கையால் கொடுக்க வேண்டும். கவிதாவுக்கு ஈரேழு உலகத்திலும் இருக்கும் ஒரே தாய்மாமன் அடியேன்தான்.

இதற்கு முன் ஒரு சம்பந்தம் கூடி வந்து கலைந்திருந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு தேங்காய் விழுந்தால் கோயமுத்தூரில் ஜன்னல் அதிரும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். பொய்க்காரக் குடும்பம் என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இந்த மாப்பிள்ளையையோ கவிதாவுக்கே பிடித்திருந்தது. அதனால் சரோஜா முதல் நாளே போன் போட்டாள்.

"ஏனுங்ணா, இந்தத் தடவ நீங்க வாயத் தொறக்கவே கூடாது. மூஞ்சிய மட்டும் கொண்டுட்டு வாங்க."

"மூஞ்சி மட்டும் போதுமா கண்ணு?"

"அதையும் ஒழுங்காக் கொண்டுட்டு வாங்க. தேருக்கு சைக்கிள்ல வந்து, மூக்குத் தோலு உரிஞ்சு, பாதி உரிச்ச உருளக்கெழங்காட்ட நின்னீங்கல்லோ?"

சைக்கிளை விட முடியாது. சர்க்கரைக்கு மருந்து தரும் டாக்டரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். வீட்டுக்காரம்மா சீர்ச் சாமான்களோடு முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார்.

ஆக, முகத்தை எப்படிக் காப்பது? ஒரு வாரம் ஆராய்ச்சி நடத்தினேன். தொப்பி நெற்றிக்கு மட்டும்தான் உதவும். நாடா இல்லாவிட்டால், கடந்து போகும் லாரியின் பின்னாலேயே ஈரோடு போய்ச் சேர்ந்துவிடும். ஒரு கையில் குடை பிடித்து எதிர்க்காற்றில் ஓட்டினேன்; சைக்கிள் பின்னோக்கி நகர்ந்து, கிளம்புவதற்கு முன்பே என்னை வீட்டில் சேர்த்துவிட்டது. நனைத்த துண்டு அருமை. ஆனால் இரண்டு கிலோமீட்டரில் காய்ந்து அப்பளமாகிவிடும், மறுபடி நனைக்க வேண்டும்.

அப்போதுதான் ஞானம் பிறந்தது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பனியன் துணி மிஷினிலிருந்து குழாய் போலத்தான் இறங்கும். அதில் அரை மீட்டர் வெட்டித் தலை வழியே மாட்டி, கழுத்திலிருந்து கண்ணுக்குக் கீழ்வரை இழுத்துவிட்டால் காது, மூக்கு, கன்னம் எல்லாம் உள்ளே அடக்கம். மேலே நாடா வைத்த தொப்பி. தையல் இல்லை, பட்டன் இல்லை, செலவு பூஜ்யம். சாயப்பட்டறையிலிருந்து அன்று வந்த சாம்பிள் துணி மேசையில் கிடந்தது. மயில் நீலம். கத்தரியை எடுத்தேன்.

காலை 8.15-க்குப் புறப்பாடு. தெருமுனை டீக்கடையில் பேக்கிங் செக்‌ஷன் செல்லத்துரை நின்றிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"என்ன அண்ணாச்சி, காலங்காத்தால பேங்குக்கா கெளம்பிட்டிய?"

"ஞாயித்துக்கெழம பேங்கு லீவுங்க."

"அதாம்லா கேக்கேன். இந்த வேசத்துல லீவு நாள்லதான போவாவ!"

டீ மூன்று ரூபாய். முகத்துணியை இறக்காமல் குடிக்க முயன்றதில் இரண்டு ரூபாய் டீ துணிக்குப் போனது.

திருமுருகன்பூண்டி ஐந்து கிலோமீட்டர். 8.50-க்குச் சேர்ந்தேன். வெயில் அதற்குள் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. சாலையோரத்துக் கோழிகள் அவித்த முட்டையாகவே இட்டுக்கொண்டிருந்தன. சிற்பக்கூடம் ஒன்றில் தண்ணீர் கேட்டு நின்றேன். கல் தூசிக்காகச் சிற்பியும் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். நம் இனம் என்று மகிழ்ந்து என் துணியைக் கழுத்துக்கு இறக்கினேன். அவர் உளி அப்படியே நின்றது.

"ஏனுங்க, நீங்க எந்தக் கோயிலுங்க?"

"வேலம்பாளையமுங்க."

"கொஞ்சம் அசையாம நில்லுங்க சாமி. கண்ணன் செலைக்கு மூக்கு சரியா வர மாட்டீங்குது."

உரியாத மூக்கின் மகிமையைப் பார்த்தீர்களா! நாற்பத்தைந்து நிமிடம் புல்லாங்குழல் பிடித்த மாதிரி நின்றேன். தாமதம் ஆனதெல்லாம் இந்தப் பெருமையால்தான்.

அவிநாசி இன்னும் ஐந்து கிலோமீட்டர். 10.10-க்கு இளநீர்க் கடை. பத்து ரூபாயை நீட்டினால் கடைக்கார அம்மா வாங்கவில்லை.

"உங்ககிட்டக் காசு வாங்குனா பாவமுங்க சாமி. என்ற மகனுக்கு ஒரு வேல கெடைக்கோணும், அத மட்டும் பாத்துக்கங்க."

என் வலைப்பதிவின் பதினொரு வாசகர்களில் இவர் ஒருவராக்கும் என்று நினைத்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற லாரியின் கண்ணாடியில் மீசையை ஒதுக்கக் குனிந்தேன். உள்ளே ஒரு மயில் நீல மனிதன் மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காக: துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், ஈரம் வேண்டும், சூடு வேண்டும். வியர்வை உப்பையும் ஈரத்தையும் கொடுத்தது, கத்திரி சூட்டைக் கொடுத்தது. இரண்டு மணி நேரம் நான் சைக்கிள் ஓட்டவில்லை. சாயத் தொட்டியில் ஊறியிருக்கிறேன். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. அதை என் சொந்த முகத்துக்குச் செய்யவில்லை.

வழியில் ஒரு தோட்டத்து மோட்டாரில் கால் மணி நேரம் கழுவினேன். வாய்க்கால் நீலமானது, பாத்தி நீலமானது. அந்த வருடம் அங்கே கத்திரிக்காய் வழக்கத்தைவிட நல்ல நிறமாம். என் முகம் மட்டும் கொஞ்சமும் வெளுக்கவில்லை.

11.12-க்குப் பந்தலுக்குள் நுழைந்தேன். மைக் செட்காரர் பாட்டை நிறுத்தினார். சரோஜா தலையில் கை வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன், பெருமாநல்லூர்க்காரர், நேராக என்னிடம் வந்தார்.

"இதென்னங்க கோலம்? கேலி பண்றீங்களா?"

வாயைத் திறக்கக் கூடாதே! சரோஜாவைப் பார்த்தேன். "சொல்லித் தொலைங்கண்ணா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. என்னிடம் அதற்குள் ஏழு கதைகள் தயார். ஒன்றில் ராஜநாகம் உண்டு. வாசல்படியில் கவிதா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. ஏழையும் விழுங்கினேன்.

"வெயிலுக்கு மூஞ்சில துணி மாட்டுனனுங்க. சாயம் போகுமான்னு பாக்காம மாட்டீட்டனுங்க. செக்கிங்ல இருக்கறவன் நானு. என்ற தப்புத்தானுங்க."

என் வாழ்நாளிலேயே நான் பேசிய மிகச் சிறிய பேச்சு அது. அவர் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின் முனையைச் சொம்புத் தண்ணீரில் நனைத்தார். என் கன்னத்தில் பத்துத் தடவை தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எந்தப் பட்டறைத் துணிங்க?"

சொன்னேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

"அங்க நான்தானுங்க டையிங் மாஸ்டரு. அந்த லாட்டு இன்னும் ஒட்டாத சாயத்த எடுக்கற சோப்பு வாஷே ஆகலீங்க. அவசரத்துல சாம்பிள அனுப்பீட்டோம்."

மாப்பிள்ளையின் அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பப் பொண்ணு ஊட்டு மாமனுக்கு சாயம் போட்டது எங்கண்ணனா?" என்று கேட்டுச் சிரித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தார். பந்தலே சிரித்தது. 11.24-க்குத் தட்டு மாற்றினோம். போட்டோக்காரர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். "இல்லீங்க, எங்க மாமா பக்கத்துலதான் நிக்கோணும்" என்றாள் கவிதா.

இதே பாதையில் போகிறவர்களுக்கு: எந்தப் புதுத் துணியையும் இரண்டு தடவை துவைத்து, நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். வெள்ளை என்றால் கவலையே இல்லை. மூச்சு முட்டினால் மூக்கை வெளியே விடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். 9.30-க்குள் போய்ச் சேர்வது மாதிரி ஆறரைக்கே கிளம்புங்கள். முகத்துக்குத் துணி நல்ல யோசனைதான். அன்று என் மூக்கில் ஒரு பொட்டுத் தோல்கூட உரியவில்லை.

சரி, கற்பூரத்தை அணைத்த கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன். சிற்பி தண்ணீர் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். இளநீர்க்கார அம்மா பத்து ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டார். முகமும் அப்படியொன்றும் நீலமாகிவிடவில்லை. ஆனால் கவிதாவின் ஆல்பத்தில் தட்டு மாற்றும் படத்தைப் பாருங்கள். என் இடது காது மயில் நீலம். அந்தக் காது மட்டும் நிஜம்.